சம்பளத்தைத் தவிர எல்லாவற்றையும் பேசுகிறார்கள்

பாட்காஸ்ட் என்றால் என்னவென்று நம் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்காவது இப்போது தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்கு ஒரு வரி. வானொலி உரைச்சித்திரம் மாதிரிதான். நேரத்துக்குக் காத்திருக்க வேண்டாம், நினைத்தபோது போனில் கேட்கலாம், அவ்வளவே வித்தியாசம். சமையலுக்கு உண்டு, பங்குச் சந்தைக்கு உண்டு, சாமி கதைக்கும் உண்டு. அதேபோல, சினிமாவுக்கும் விளம்பரத்துக்கும் கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கும் சத்தம் அமைக்கும் சவுண்ட் டிசைனர், மிக்ஸிங் எஞ்சினியர் தொழிலைப் பற்றியும் ஏகப்பட்டவை இருக்கின்றன. "இந்தத் துறைக்குள் நீங்களும் வரலாம், வாருங்கள்" என்று அழைக்கும் வகை.

அந்த வகைப் பாட்காஸ்ட்களில் பெரும்பாலானவை நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தீங்கு செய்கின்றன என்பது என் கட்சி. அவர்கள் பொய் சொல்வதாக நான் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டிய விஷயத்தை மட்டும் பார்த்துப் பார்த்து விட்டுவிடுகிறார்கள். அது பொய்யைவிட மோசம். பொய்யென்றால் என்றாவது ஒருநாள் பிடிபடும்.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்பீர்கள். வானொலியில் ஒலிப்பதிவுப் பிரிவில் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டியவன். கொட்டாங்கச்சி இரண்டை மணல் தட்டில் தட்டினால் குதிரை. முறத்தில் பச்சைப் பயறை மெதுவாகச் சாய்த்தால் மழை. பிஸ்கட் பாக்கெட்டின் மொடமொடத் தாளை மைக் அருகே கசக்கினால் தீ. தகரத் தகட்டைத் தொங்கவிட்டு உலுக்கினால் இடி. டேப்பை 45 டிகிரி சாய்வாக பிளேடால் வெட்டி ஒட்டுவோம். நேராக வெட்டினால் ஒட்டிய இடத்தில் 'டக்' என்று கேட்கும். ஒரு நொடிச் சத்தத்துக்கு ஏழரை அங்குலம் டேப் ஓடும். மற்றவர்களுக்கு ஏழரை என்றால் சனி. எங்களுக்கு அதுதான் சோறு போட்டது.

எங்கள் தெருவில் ஒரு பையன் இருக்கிறான். பி.காம். முடித்தவன். வீட்டில் போனிலும் ஹெட்போனிலுமாக இருக்கிறான். சவுண்ட் டிசைன் படிக்கப் போகிறேன் என்று ஒரே பிடிவாதம். தனியார் நிறுவனம் ஒன்றில் ஒரு வருடப் படிப்பு, கட்டணம் மூன்றரை லட்சம். அப்பா கூட்டுறவு சங்கத்தில் நகையை வைப்பதா, பி.எஃப். பணத்தை எடுப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தார். "சார், நீங்க இந்த லைன்ல இருந்தவர், ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று என்னிடம் வந்தார். பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன், "தம்பி, இந்த ஆசை எங்கிருந்து வந்தது?" வாட்ஸ்அப்பில் வரிசையாக இணைப்புகளை அனுப்பிவிட்டு, "தாத்தா, இதெல்லாம் கேளுங்க, உங்களுக்கே புரியும்" என்றான்.

கேட்டேன். காலை நடையின்போது, இரண்டு மாதம், நாற்பதுக்குக் குறையாமல் கேட்டேன். என்ன புரிந்தது என்பதைத்தான் எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். டல்லாஸ் டெய்லர் என்ற அமெரிக்கர் 2016-ல் தொடங்கிய 'ட்வெண்டி தௌசண்ட் ஹெர்ட்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. மனிதக் காது கேட்கக்கூடிய உச்ச அதிர்வெண் 20,000 ஹெர்ட்ஸ், அதுதான் பெயர். ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு சத்தத்தை எடுத்துக்கொண்டு அதன் பூர்வீகத்தைச் சொல்வார்கள். பேரன் பேத்திகள் டி.வி.யில் நெட்ஃப்ளிக்ஸ் போடும்போது முதலில் 'டடும்' என்று ஒரு சத்தம் வருமே, அதைக் கேட்டிருப்பீர்கள். லான் பெண்டர் என்ற ஒலி வல்லுநர் செய்தது. அவருடைய கல்யாண மோதிரம் படுக்கையறை அலமாரியில் இடித்த சத்தமும் அதற்குள் இருக்கிறது. கடைசியில் ஆடு கத்தும் சத்தத்தைச் சேர்க்கலாமா என்றுகூட யோசித்துப் பார்த்து விட்டுவிட்டார்கள். இதையெல்லாம் பேசுவதோடு நிற்காமல் அந்தந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டுகிறார்கள். கேட்கும்போதே நம் காது ஒரு படி ஏறுகிறது. இப்படிப்பட்ட நிகழ்ச்சியை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

ஆனால் 'தொழில் வழிகாட்டி' என்று வருகிறவை வேறு ஜாதி. முதல் குறை, அவற்றில் சத்தமே இல்லை! சத்தத்தைப் பற்றிய நிகழ்ச்சியில் இரண்டு பேர் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். "அந்தக் காட்சியில் கதவுச் சத்தத்தைப் பிரமாதமாக அமைத்திருந்தீர்கள்" என்கிறார் ஒருவர். "நன்றி, அது ஒரு பெரிய பயணம்" என்கிறார் இன்னொருவர். அந்தக் கதவு என்ன சத்தம் போட்டது? கடைசி வரை தெரியாது. படத்தின் ஒலியைப் போட உரிமை வாங்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். சரி, படத்தை விடுங்கள். அவர் உட்கார்ந்திருக்கும் அறையில் ஒரு கதவு இருக்காதா? எழுந்து போய் அதை மூன்று விதமாகச் சாத்திக் காட்டலாமே. கோபக்காரன் சாத்துவது, திருடன் சாத்துவது, தூங்கும் குழந்தையின் தாய் சாத்துவது. எங்கள் நாடகப் பிரிவில் புதிதாக வந்தவனுக்கு அதுதான் முதல் பாடம். ஒரு மணி நேர அரட்டையில் கிடைக்காதது அந்த மூன்று சாத்தலில் கிடைக்கும்.

இரண்டாவது, கதை சொல்லும் விதம். எல்லாப் பேட்டியும் ஒரே அச்சு. சின்ன வயதிலேயே சத்தத்தின் மேல் காதல், கொஞ்சம் கஷ்டம், ஒருநாள் ஒருவர் போன் செய்தார், அப்புறம் விருது. இந்த 'அப்புறம்' என்ற சொல்லுக்குள் எத்தனை வருஷம் ஒளிந்திருக்கிறது தெரியுமா? நமக்குத் தெரிந்த உதாரணமே இருக்கிறது. ரசூல் பூக்குட்டி, கேரளத்தில் கொல்லம் மாவட்டத்துச் சிற்றூர்க்காரர். புனே திரைப்படக் கல்லூரியில் 1995-ல் படித்து முடித்தார். 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்காக ஆஸ்கர் மேடை ஏறியது 2009-ல். இடையில் பதினான்கு வருஷம். அந்தப் பதினான்கு வருஷத்தில் வாடகையும் மளிகையும் எப்படி நடந்தன என்பதுதான் நம் பையனுக்குத் தேவையான தகவல். பேட்டி எடுப்பவர்கள் மேடைக்கு அரை மணி நேரம் கொடுப்பார்கள். பதினான்கு வருஷத்துக்கு அரை நிமிஷம்.

அதோடு, பேட்டிக்கு வருகிறவர் ஜெயித்தவர். தோற்றவரை யார் கூப்பிடுகிறார்கள்? அதே பேட்சில் படித்து, நான்கு வருஷம் அலைந்து, கடைசியில் செல்போன் கடையில் உட்கார்ந்தவரை ஒரு முறையாவது மைக் முன் உட்கார வையுங்கள் பார்ப்போம். லாட்டரி அடித்தவனை மட்டும் பேட்டி எடுத்துவிட்டு, சீட்டு வாங்கினால் பணம் வரும் என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

மூன்றாவது, தலைப்பில் நான் சொன்ன விஷயம். சம்பளம். நாற்பது நிகழ்ச்சிகளில் என்ன மைக், என்ன மென்பொருள், என்ன ஸ்பீக்கர், காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும், எப்படித் தியானம் செய்ய வேண்டும் எல்லாம் வந்தது. முதல் வருஷம் மாதம் எவ்வளவு கிடைத்தது என்று கேட்டவர் ஒருவர்கூட இல்லை. ஏதோ அசிங்கமான கேள்வி போல. அமெரிக்காவிலாவது இதை மறைக்க முடியாது. ஹாலிவுட்டில் ஒலித் தொகுப்பாளர்களும் சேர்ந்திருக்கும் மோஷன் பிக்சர் எடிட்டர்ஸ் கில்ட் என்ற தொழிற்சங்கம், குறைந்தபட்சக் கூலி எவ்வளவு என்று பட்டியல் போட்டு வெளிப்படையாக வைத்திருக்கிறது. அந்த ஊர்க்காரர்களே பேட்டியில் அதைத் தொடுவதில்லை. சென்னையில் ஃபெப்சி இருக்கிறது, அதன்கீழ்த் தொழிலுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. சங்க அட்டை எடுக்க எவ்வளவு கட்ட வேண்டும், எத்தனை படம் செய்திருக்க வேண்டும், அட்டை இல்லாதவன் என்ன செய்வான் என்பதை எந்தப் பாட்காஸ்டிலும் நான் கேட்கவில்லை.

"முதலில் இலவசமாக வேலை செய்யுங்கள், திறமையைக் காட்டுங்கள்" என்பது இவர்கள் எல்லோரும் கொடுக்கும் அறிவுரை. என் நண்பர் மகன் அப்படித்தான் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்ந்தான். பெயர் வேண்டாம். ஆறு மாதம் பைசா இல்லை. காலை பத்து மணிக்குப் போனால் நள்ளிரவு தாண்டித் திரும்புவான். சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் அப்பா பணம் அனுப்பினார். ஏழாவது மாதம் சம்பளம் கேட்டதற்கு, "உள்ளே விட்டதே பெரிசு" என்று பதில் வந்தது. அவன் இடத்துக்கு மறுநாளே இன்னொருவன் வந்துவிட்டான். அவனும் பாட்காஸ்ட் கேட்டவனாகத்தான் இருந்திருப்பான்.

இலவச வேலை என்பது யாருக்குச் சாத்தியம்? சென்னையில் சொந்த வீடும், மாதாமாதம் கொடுக்க அப்பாவும் இருக்கிறவனுக்கு. துறையூரிலிருந்தும் மணப்பாறையிலிருந்தும் போகிறவன் மேன்ஷனில் வாடகை கட்ட வேண்டும். ஆக, 'திறமை ஒன்றே போதும்' என்று சொல்லிக்கொண்டே வசதி உள்ளவனை மட்டும் உள்ளே விடும் ஏற்பாடு இது. அதை ஏற்பாடு என்று சொல்லாமல் 'ஆர்வம்' என்று சொல்கிறார்கள்.

நான்காவது, காது. இந்தத் தொழிலின் ஒரே முதலீடு அதுதான். ஆனால் அதைக் காப்பாற்றுவது எப்படி என்று நான் கேட்ட நாற்பதில் இரண்டில்தான் பேச்சு வந்தது. கணக்கு மிக எளிது. அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியாஷ் சொல்வது: 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்கு 8 மணி நேரம் தாங்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி, 94 என்றால் 1 மணி. 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிஷம். சினிமா மிக்ஸிங் அரங்குகளில் ஸ்பீக்கரைச் சரிபார்த்து வைக்கும் அளவே 85 டெசிபல்தான். சண்டைக் காட்சி வந்தால் அதைத் தாண்டிப் போகும். உள்காதில் இருக்கும் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை செத்தால் முளைக்காது. என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு ஐம்பது வயதுக்குள் இரண்டு காதிலும் ஓயாத விசில் சத்தம் வந்துவிட்டது. ராத்திரி தூக்கத்துக்கு டிரான்சிஸ்டரை மெதுவாக வைத்துக்கொண்டு படுப்பார். வேலையில் சேரும்போதே காதுப் பரிசோதனை செய்து வைத்துக்கொள், வருஷத்துக்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பார் என்று ஒரு வரி சொன்னால் வாய் முத்து உதிர்ந்துவிடுமா?

ஐந்தாவது, யார் காசில் நடக்கிறது இந்தப் பேச்சு? நான் கேட்டவற்றில் பாதிக்கு மேல் நடுவில் விளம்பரம். ஒன்று, ஒலி மென்பொருள் விற்பவர். இல்லையென்றால் ஆன்லைன் வகுப்பு விற்பவர். சிலவற்றில் பேட்டி எடுப்பவரே வகுப்பும் நடத்துகிறார். மாப்பிள்ளை வீட்டாரிடமே மாப்பிள்ளை எப்படி என்று விசாரிக்கிற கதைதான். இதில் இன்னொரு வேடிக்கை. பழைய நாளில் புதுப் பையனுக்குக் கொடுக்கும் வேலை, வசனத்துக்குப் பின்னால் வரும் ஃபேன் சத்தம், வண்டிச் சத்தம் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துச் சுத்தம் செய்வது. பொறுமையான வேலை. அதைச் செய்து செய்துதான் காது பழகும். இப்போது அதில் பெரும்பகுதியை மென்பொருள் சில நிமிஷத்தில் முடித்துவிடுகிறது. ஏணியின் முதல் படியை எடுத்துவிட்டு, அதை எடுத்தவரின் விளம்பரத்தோடே "ஏறி வா தம்பி" என்று கூப்பிடுகிறார்கள்.

இவ்வளவு சொன்னால் இளைஞர்கள் சண்டைக்கு வருவார்கள். அந்தப் பையனே வந்தான். "தாத்தா, பாட்காஸ்ட் இல்லாட்டி நம்ம ஊர்ல இருந்துகிட்டு வால்டர் மர்ச் பேசறத நான் எங்க கேட்பேன்?" என்றான். நியாயமான கேள்வி. 1979-ல் வந்த 'அபோகலிப்ஸ் நவ்' படத்துக்கு ஒலி அமைத்து, 'சவுண்ட் டிசைன்' என்ற பெயரையே நிலைநிறுத்திய மனிதர் அவர். எங்கள் காலத்தில் அப்படிப்பட்டவர் பேச்சைக் கேட்க வாய்ப்பே கிடையாது. 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் விண்கலச் சத்தத்துக்கு பென் பர்ட் யானைப் பிளிறலோடு ஈரச் சாலையில் கார் போகும் சத்தத்தைக் கலந்தார் என்பதெல்லாம் இன்று பத்து ரூபாய் டேட்டாவில் கிடைக்கிறது. அது பெரிய வரம். நான் மறுக்கவில்லை.

அவனுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். கலையைக் கற்றுக்கொள்ள அவற்றைக் கேள். மூன்றரை லட்சத்தை எங்கே போடுவது என்று முடிவு செய்ய அவற்றைக் கேட்காதே. அதற்குக் கேள்விகள் வேறு. எழுதிக் கொடுத்து அந்தப் படிப்பு நிறுவனத்துக்கே அனுப்பினேன்.

போன பேட்சில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் இன்று இந்த வேலையில் இருக்கிறார்கள்? அவர்களில் மூன்று பேரின் போன் நம்பர் கிடைக்குமா? முதல் வருஷச் சம்பளம் எவ்வளவு? பாடம் நடத்துபவர் கடைசியாகப் படத்திலோ விளம்பரத்திலோ வேலை செய்தது எப்போது? ஒரு மாணவனுக்கு ஸ்டூடியோவில் தனியாக உட்கார வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?

முதல் கேள்விக்கு "பிளேஸ்மெண்ட் அசிஸ்டன்ஸ் உண்டு" என்று பதில். இரண்டாவதற்கு "தனிப்பட்ட தகவல், தர இயலாது". மற்ற மூன்றுக்கும் ஒரு கலர் நோட்டீஸ் கொடுத்தார்கள். பையன் முகம் வாடிவிட்டது. ஆனால் அப்பா நகையை வைக்கவில்லை.

அவனுக்கு வழி இல்லாமல் இல்லை. தரமணியில் அரசாங்கத்தின் எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரி இருக்கிறது. தனியார் கட்டணத்தோடு பார்த்தால் செலவு குறைவு. புனேயிலும் கொல்கத்தாவிலும் மத்திய அரசின் நிறுவனங்கள் இருக்கின்றன, நுழைவுத் தேர்வு உண்டு. யாருக்கு என்ன தகுதி வேண்டும் என்பதை நேரில் விசாரித்துக்கொள்ள வேண்டும். அதுவரை சும்மா இருக்காதே என்று எங்கள் ஊர் மைக்செட்காரர் ஒருவரிடம் சேர்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் முகூர்த்த நாளும் வேலை. ஒரு நாளைக்கு 600 ரூபாய், சாப்பாடு கல்யாண வீட்டில். மைக் ஏன் ஊளையிடுகிறது, நாதஸ்வரத்துக்கு மைக்கை எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும், தகரக் கொட்டகையில் பேச்சு ஏன் தெளிவாக விழவில்லை என்பதெல்லாம் மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டான். முதல் நாளிலிருந்து கூலி. எந்தப் பாட்காஸ்டிலும் மைக்செட்காரரைக் கூப்பிட மாட்டார்கள். ஒலித்துறை என்றால் அவர்களுக்குச் சினிமா மட்டும்தான்.

கடைசியாக நம் பங்குக்கு ஒரு வேலை சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஜாக் ஃபோலி என்று ஒருவர் இருந்தார். யுனிவர்சல் ஸ்டூடியோவில் 1929-ல் 'ஷோ போட்' படத்திலிருந்து, திரையில் ஓடும் படத்தைப் பார்த்துக்கொண்டே காலடிச் சத்தமும் துணிச் சத்தமும் செய்தவர். இன்று உலகம் முழுக்க அந்தத் தொழிலுக்கே 'ஃபோலி' என்றுதான் பெயர். ஆனால் அவர் வாழ்ந்த காலத்தில் ஒரு படத்திலும் அவர் பெயரைப் போடவில்லை. அங்கே பெயராவது தொழிலுக்கு மிஞ்சியது. நம் ஊரில் வானொலி நாடகத்துக்கும் மேடை நாடகத்துக்கும் பேசும்படம் வந்த காலத்துக்கும் சத்தம் செய்தவர்கள் பெயர்கூட இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவர்களிலேயே போன வருஷம் இரண்டு பேர் போய்விட்டார்கள். அவர்கள் எவ்வளவு வாங்கினார்கள், எப்படிக் குடும்பம் நடத்தினார்கள், எந்தச் சத்தத்தை எதைக் கொண்டு செய்தார்கள் என்பதைச் சொல்ல இன்னும் சிலர்தான் மிச்சம். இளைஞனுக்கு உண்மையான தொழில் வழிகாட்டி அவர்கள்தான். அவர்களுக்கு விற்க எந்த வகுப்பும் இல்லை.

ஆகவே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால் அவரைப் பதிவு செய்யுங்கள். ஸ்டூடியோ வேண்டாம், உங்கள் கையில் இருக்கும் போன் போதும். ஃபேனை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள். நாலாய் மடித்த துண்டின்மேல் போனை வைத்து, அவர் வாயிலிருந்து இரண்டு சாண் தள்ளி வையுங்கள். முதலில் சம்பளத்தைக் கேளுங்கள். பிறகு கொட்டாங்கச்சியைக் கையில் கொடுங்கள்.